மதமும் மரபும் நீங்கலாக

2009-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த எம். இந்திரா காந்திக்கு மூன்று சான்றிதழ்களைப் பற்றித் தெரியவந்தது. தம் பிள்ளைகள் மூவரும் இஸ்லாத்தைத் தழுவிவிட்டதாக அவை கூறின. மூத்த பிள்ளைக்கு வயது 12, அடுத்ததற்கு 11. கடைசிக் குழந்தை பிறந்து 11 மாதம்தான் ஆகியிருந்தது. கணவர் மார்ச் மாதம் மதம் மாறியிருந்தார். பிறகு பிள்ளைகளையும் மாற்றிப் பதிவு செய்திருந்தார். தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளைச் சான்றிதழ் வழங்கிய அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லவும் இல்லை. கைக்குழந்தையைத் தந்தை தம்முடன் கொண்டு போய்விட்டார்.

இப்படி ஒரு நிலை வந்தால் எந்தத் தாயும் நீதிமன்றத்துக்குத்தான் போவார். ஆனால், எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

மலேசியாவில் இரண்டு நீதிமன்ற அமைப்புகள் உண்டு. கடன், ஒப்பந்தம், திருட்டு, கொலை, முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் ஆகியவற்றை விசாரிப்பவை சிவில் நீதிமன்றங்கள். முஸ்லிம்களின் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை போன்றவற்றை அந்தந்த மாநிலத்தின் ஷரியா நீதிமன்றங்கள் விசாரிக்கும். ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்கள் மீது மட்டுமே செல்லும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். ஆகவே ஓர் இந்துத் தாய் அங்கே போய் வழக்காட இடமில்லை. சிவில் நீதிமன்றத்துக்குப் போனாலோ, 1988-இல் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவு குறுக்கே நின்றது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அந்தப் பிரிவு. வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்றில் நுழைய அவருக்கு உரிமை இல்லை, மற்றதைச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

மதமும் மதச்சார்பற்ற ஜனநாயகமும் ஒன்றாக வாழ முடியுமா என்று உலகம் முழுவதும் பெரிய பெரிய சொற்களில் விவாதம் நடக்கிறது. ஈப்போ வழக்கு அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்குச் சிறிதாக்கிவிட்டது. மதத்தின் பெயரால் ஓர் அதிகாரி எடுத்த முடிவு ஒருவரைப் பாதிக்கிறது. அவர் எந்த மதத்தவரானாலும் அந்த முடிவைக் கேள்வி கேட்க அவருக்கு ஓர் இடம் உண்டா? நாட்டின் அதிகாரபூர்வ மதம் எது என்பதைவிட இந்தக் கேள்விக்கு வரும் விடைதான் ஒரு ஜனநாயகத்தின் தரத்தைச் சரியாகச் சொல்கிறது.

வியப்பு என்னவென்றால், இந்தச் சிக்கலின் வேரைத் தேடிப் போனால் அதுவும் பேராக் மண்ணில்தான் கிடைக்கிறது.

கப்பலில் போட்ட கையெழுத்து

1874 ஜனவரி 20. பேராக் கரையை அடுத்த பங்கோர் தீவருகே புளூட்டோ என்ற கப்பல் நங்கூரமிட்டு நின்றது. லாருட் ஈயச் சுரங்கங்களில் சீனக் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த காலம். அரியணைக்கு யார் வாரிசு என்பதிலும் மலாய்த் தலைவர்களிடையே பூசல். இந்தக் குழப்பத்துக்குள் நுழைந்த ஆங்கிலேய ஆளுநர் ஆண்ட்ரு கிளார்க், ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். பேராக்கில் இனி ஓர் ஆங்கிலேய ரெசிடெண்ட் இருப்பார்; எல்லா விஷயங்களிலும் சுல்தான் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும்; மலாய்க்காரர்களின் மதமும் மரபும் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கு அன்று ஒரு மரியாதையாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அது ஓர் ஆட்சியை இரண்டாகக் கிழித்த கோடு. அதற்கு முன் பேராக்கில் அப்படி ஒரு கோடு இருந்ததில்லை. பேராக்கின் தொண்ணூற்றொன்பது சட்டங்கள் என்று அறியப்படும் பழைய மலாய்த் தொகுப்பில் குற்றமும் கடனும் குடும்பமும் சமயப் பணியாளர்களும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து வருகின்றன. எது அரசியல், எது மதம் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அந்த ஏட்டுக்கு இல்லை. வரி, நிலம், காவல், வணிகம் ஆகியவை தமக்கு வேண்டும் என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமாக நின்றதற்கு மதம் என்று பெயர் வந்தது.

இதே வேலையை அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வங்காளத்தில் செய்து பார்த்திருந்தார்கள். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன் வழிச் சட்டம், இந்துக்களுக்குச் சாஸ்திர வழிச் சட்டம். மற்றவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில். மலாயா, இந்தியா, எகிப்து ஆகிய மூன்று இடங்களிலும் நடந்ததை ஒப்பிட்டு ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இஸா ஹுசின், இன்று நாம் இஸ்லாமியச் சட்டம் என்று காண்பதன் வடிவம் உள்ளூர் மேட்டுக்குடியினரும் காலனி அதிகாரிகளும் பேசிப் பேசி உருவாக்கியது என்று காட்டுகிறார். பரந்து கிடந்த ஒரு மரபு குடும்பத்துக்கும் வழிபாட்டுக்கும் உள்ளே சுருங்கியது. சுருங்கிய அந்த எல்லைக்குள் அது முன்பைவிட இறுகியது. எழுத்தர்களும் முத்திரைகளும் பதிவேடுகளும் அதற்கு வந்து சேர்ந்தன. கிளந்தானில் 1915-இல் ஒரு சமய மன்றமே சட்டப்படி அமைந்தது. ஆங்கிலேயரிடம் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்த சுல்தான்களுக்கு மதம்தான் கையில் மிஞ்சிய ஆட்சிப் பகுதி. அதை அவர்கள் ஏன் அவ்வளவு கவனமாகக் காத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

பேராக்கின் முதல் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் குத்திக் கொல்லப்பட்டார். பின்னர் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ நிதானமானவர், செடிகொடிகளில் ஈடுபாடு கொண்டவர். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வழியே 1877-இல் வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் அவருடைய தோட்டத்தில் ஊன்றப்பட்டன. அந்தக் கன்றுகளின் வம்சம்தான் பேராக் காடுகளைத் தோட்டங்களாக்கியது. நம் முன்னோர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து லயத்து வீடுகளில் குடிவைத்தது. ஆக, பங்கோரில் எழுதிய ஒரு விதிவிலக்கும் கோலகங்சாரில் ஊன்றிய ஒரு மரமும் மூன்றே ஆண்டு இடைவெளியில் ஒரே மாநிலத்தில் வேர்விட்டன. 2009-இல் இரண்டும் ஒரு தமிழ்த் தாயின் வாழ்க்கையில் சந்தித்தன.

1957-இல் எழுதியது, 1988-இல் மாறியது

சுதந்திர மலாயாவுக்கு அரசியலமைப்புச் சட்டம் வரைய ரீட் பிரபு தலைமையில் ஐவர் குழு வந்தது. இலங்கையின் அரசியலமைப்பில் பங்காற்றிய ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. மாலிக், பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீத் ஆகியோர் மற்ற நால்வர். நாட்டுக்கு ஒரு மதத்தை அறிவிக்கும் பிரிவைக் குழுவின் பெரும்பான்மை சேர்க்கவில்லை. அப்போது ஆட்சியிலிருந்த கூட்டணிக் கட்சிகள் அதைக் கேட்டன. அப்துல் ஹமீதும் வேண்டும் என்று தனியாக எழுதினார். சுல்தான்கள் முதலில் தயங்கினார்கள். தத்தம் மாநிலத்தில் மதத்தின் தலைவர்கள் தாங்களாக இருக்க, மத்தியில் ஒரு பிரிவு வந்தால் தங்கள் இடம் என்னாகும் என்பது அவர்கள் கவலை. பேச்சுவார்த்தைக்குப் பின் மூன்றாவது பிரிவு பிறந்தது: இஸ்லாம் கூட்டரசின் மதம், பிற மதங்களையும் அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம், இந்தப் பிரிவு அரசியலமைப்பின் மற்றப் பிரிவுகளைக் குறைத்துவிடாது. இதனால் நாட்டின் மதச்சார்பற்ற நிலை மாறாது என்று அப்போது வெளியான அரசின் வெள்ளை அறிக்கையும் உறுதி கூறியது. அந்தக் கூட்டணியில் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வின் தலைவராக அமர்ந்திருந்தவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன்.

ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைப் பின்பற்றும் உரிமையை 11-ஆவது பிரிவு தருகிறது. மதக் குழுக்கள் தம் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமையும் அதில் உண்டு. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்ற வரம்பும் அதே பிரிவில் உள்ளது. 1988-இல் சே ஒமார் வழக்கில் நீதித்துறைத் தலைவர் சாலே அபாஸ், மூன்றாவது பிரிவு சொல்லும் இஸ்லாம் அரசுச் சடங்குகளைச் சார்ந்தது, நாட்டின் பொதுச் சட்டம் மதச்சார்பற்றது என்று தீர்ப்பளித்தார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் 121(1ஏ) பிரிவு வந்தது. அதன் பின்னால் ஒரு நியாயமான குறை இருந்தது. ஷரியா நீதிமன்றங்கள் முஸ்லிம் குடும்பங்களுக்கு வழங்கிய தீர்ப்புகளை, இஸ்லாமியச் சட்டத்தில் பயிற்சி இல்லாத சிவில் நீதிபதிகள் மாற்றி எழுதிய வழக்குகள் உண்டு. காலனி காலத்திலிருந்து இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட ஒரு நீதிமன்றத்துக்கு உரிய மதிப்பைத் தர எண்ணியது அந்தத் திருத்தம். ஆனால் வாழ்க்கை சட்டம் போட்ட கோட்டுக்கு இருபுறமும் ஒழுங்காகப் பிரிந்து நிற்பதில்லை. ஒரே வீட்டில் கணவர் முஸ்லிம், மனைவி இந்து என்று ஆகும்போது பிள்ளைகள் எந்தப் பக்கம் என்பதற்கு அந்தத் திருத்தத்தில் விடை இல்லை.

சுவர் எழுப்பிய நாடுகள், எழுப்பாத நாடுகள்

மதமும் அரசும் பிரிந்து நின்றால்தான் ஜனநாயகம் நிலைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உலகத்தைச் சுற்றிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பிரான்ஸ் 1905-இல் சட்டம் போட்டுத் தேவாலயத்தை அரசிடமிருந்து பிரித்தது. பக்கத்திலேயே இங்கிலாந்தில் மன்னர்தான் தேவாலயத்தின் தலைவர். 26 ஆயர்கள் பிரபுக்கள் சபையில் அமர்கிறார்கள். டென்மார்க்கில் இன்றும் அரசு ஆதரவு பெற்ற தேவாலயம் உண்டு. இவை மூன்றுமே ஜனநாயகங்கள். சோவியத் ஒன்றியமும் சட்டத்தில் மதத்தைப் பிரித்துத்தான் வைத்திருந்தது. அங்கே ஜனநாயகமும் இல்லை, வழிபாட்டு உரிமையும் இல்லை.

இதைக் கவனித்த அரசியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்டெபான் 2000-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஜனநாயகத்துக்குச் சுவர் அவசியமில்லை. இரண்டு பக்கச் சகிப்புத்தான் அவசியம். மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக் கட்டளையிடும் தனி அதிகாரம் மத நிறுவனங்களுக்கு இருக்கக் கூடாது. மக்கள் வழிபடுவதையும் கூடிப் பேசுவதையும் அமைதியாகத் தம் கருத்தை அரசியலில் வைப்பதையும் அரசு தடுக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் போதும். இடையே எத்தனையோ ஏற்பாடுகளுக்கு இடமுண்டு.

தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். இந்திய அரசியலமைப்பின் முகவுரையில் 1976 முதல் மதச்சார்பின்மை எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் தமிழ்நாட்டில் கோவில் உண்டியலை எண்ணும்போது இந்து சமய அறநிலையத் துறையின் அலுவலர் உடன் இருக்கிறார். செயல் அலுவலரை அரசு நியமிக்கிறது. 1817-இல் கம்பெனி கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. இலங்கையின் 1978 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. மற்ற மதங்களின் உரிமைகளையும் சொல்கிறது. மலேசியாவில் பள்ளிவாசலை மாநிலச் சமயத் துறை நிர்வகிக்கிறது. இந்துக் கோவில்கள் பெரும்பாலும் சங்கங்களாகப் பதிவு பெற்றுத் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்துக்கள் 6.1 விழுக்காடுதான். ஆனால் பேராக்கில் தைப்பூசம் பொது விடுமுறை. புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோவிலிலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் கோவில் வரை காவடிகள் செல்லும் நாளில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டு வழி அமைத்துத் தரும் காவலர்களில் பலர் முஸ்லிம்கள். சீனர்களும் பால்குடம் எடுக்கிறார்கள். அரசியலமைப்பின் ஒரு பிரிவை மட்டும் படித்துவிட்டு இந்த நாட்டை எடைபோட முடியாது.

தோட்டத்துக் கோவிலின் வழக்கு

உரிமை தாளில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் பேராக்கிலேயே சான்று உண்டு. ரப்பர் தோட்டம் ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நிரைநிரையாகப் பால்மரம் வெட்டி, வெயில் ஏறியதும் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் திரும்பி வரும் ஜனங்கள். லயத்துக்கு அப்பால் ஒரு மரத்தடி. அங்கே முதலில் ஒரு கல்லும் சூலமும். பிறகு தகரக் கூரை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசில் ஒரு மண்டபம். ஆடியிலோ சித்திரையிலோ திருவிழா, கரகம், தீமிதி. தோட்டத்துத் துரை சிலசமயம் நன்கொடையும் கொடுத்து முதல் மரியாதையும் வாங்கிக்கொள்வார்.

அதே தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. பள்ளி வயதில் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று காலனி காலத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கோவிலுக்கு அப்படி எதுவும் இல்லை. துரையின் தயவுதான் அதற்கு ஆதாரம். 1950-களிலிருந்து தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோகத் தொடங்கின. தொழிலாளர்கள் தெருவுக்கு வரக் கூடாது என்று சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அவர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். ஆனாலும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான்கள் வந்தன. ஜனங்கள் இடம் பெயர்ந்தார்கள். கோவில் மட்டும் வேறொருவர் பட்டாவில் நின்றது.

1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே நிலம் சொந்தம். எத்தனை தலைமுறை அனுபவித்தாலும் அனுபவத்தால் உரிமை வராது. 11-ஆவது பிரிவு வழிபடும் உரிமையைத் தந்தது உண்மை. நிலச் சட்டம் நிற்க இடம் தரவில்லை என்பதும் உண்மை. நூறு ஆண்டு கும்பிட்ட அம்மனுக்கு அங்கே நிற்க உரிமை உண்டா என்ற கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு விடை சொல்லும் அமைப்பு எதுவும் இருக்கவில்லை. கோவில்கள் உடைபட்ட கோபமும் பல ஆண்டுப் புறக்கணிப்பும் சேர்ந்து 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப்பின் அழைப்பில் பல்லாயிரம் பேரைக் கோலாலம்பூர்த் தெருவுக்குக் கொண்டுவந்தன. அடுத்த மார்ச் மாதப் பொதுத் தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பேராக் மாநில ஆட்சியும் கைமாறியது. கேட்க இடமில்லாதவர்கள் வாக்குச் சீட்டில் பேசினார்கள். அதுவும் ஜனநாயகத்தின் ஒரு வழி. ஆனால் வாக்கு எண்ணிக்கையைச் சார்ந்தது. தனி ஒரு தாய்க்கு எண்ணிக்கை கிடையாது. அவருக்கு நீதிமன்றம் வேண்டும்.

நம்பிக்கையைத் தொடாமல் நீதி சொல்வது

இந்திரா காந்தி விடவில்லை. அப்போது ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம். குலசேகரன் அவருடைய வழக்கறிஞர்களில் ஒருவர். 2013 ஜூலை 25 அன்று ஈப்போ உயர் நீதிமன்ற நீதிபதி லீ சுவீ செங் மூன்று சான்றிதழ்களையும் ரத்து செய்தார். 2015 டிசம்பர் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மதமாற்றம் ஷரியா விஷயம் என்றார்கள் இருவர். நீதிபதி ஹமீட் சுல்தான் அபு பக்கர் மட்டும் அவர்களோடு உடன்படவில்லை. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கினார்கள். எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. ஐவரில் நால்வர் முஸ்லிம்கள்.

இந்தத் தீர்ப்பை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் அது வந்து நின்ற முடிவு மட்டும் இல்லை. அது நடந்து வந்த பாதையும்தான். இந்தக் குழந்தைகள் முஸ்லிம்களா என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்கவே இல்லை. அது நம்பிக்கை சார்ந்த கேள்வி. சிவில் நீதிபதி பதில் சொல்ல வேண்டியதன்று. இந்தச் சான்றிதழில் கையெழுத்திட அதிகாரிக்கு அதிகாரம் இருந்ததா என்று மட்டும் கேட்டது. பேராக் மாநிலத்தின் 2004-ஆம் ஆண்டு இஸ்லாமியச் சமய நிர்வாகச் சட்டமே மதம் மாறுபவர் இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமா ஷஹாதாவைத் தம் வாயால் சொல்ல வேண்டும் என்று கூறுகிறது. அந்த இடத்தில் பிள்ளைகள் இல்லை. பதினொரு மாதக் குழந்தைக்குப் பேச்சே வந்திருக்காது. மாநிலத்தின் இஸ்லாமியச் சட்டம் விதித்த நிபந்தனை நிறைவேறவில்லை. நிறைவேறாதபோது சான்றிதழ் வழங்கும் அதிகாரம் பதிவாளருக்கு எழவே இல்லை. ஒரு மதத்தின் சட்டத்துக்குப் பணிந்தே அந்த மதத்தின் அதிகாரியைத் திருத்தியிருக்கிறது நீதிமன்றம். மதச்சார்பற்ற நீதி மதத்துக்குப் பகையாக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பிள்ளையின் மதத்தை முடிவு செய்வது யார் என்பது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் பெற்றோர் தீர்மானிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 12(4) பிரிவு. அதன் ஆங்கில வாசகம் ஒருமையில் இருப்பதால் ஒருவர் முடிவே போதும் என்று முன்பு வாதிடப்பட்டது. ஒருமை பன்மையையும் குறிக்கும் என்று அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையே சொல்வதையும், பிள்ளைகள் மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தரும் பாதுகாவலர் சட்டத்தையும் சுட்டி, இருவர் சம்மதமும் தேவை என்றது நீதிமன்றம்.

எல்லாவற்றுக்கும் அடித்தளமான மூன்றாவது விடை 121(1ஏ) பற்றியது. அரசு அதிகாரியின் செயல் சட்டப்படி நடந்ததா என்று பரிசீலிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு உரியது; அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்த அதை எந்தத் திருத்தமும் பறித்துவிட முடியாது என்று தீர்ப்பு கூறியது. இந்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டின் பயணமும் சுவையானது. அதைப் பெற்றெடுத்தது ஓர் இந்து மடத்தின் நில வழக்கு. கேரளத்தில் காசர்கோடு அருகே உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் ஏழு பேர் அதை வகுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து மலேசியாவில் ராஜா அஸ்லான் ஷா அது இங்கே பொருந்தாது என்றார். அவர்தான் 1984-இல் பேராக்கின் சுல்தானானவர். அதே நீதிபதி இன்னொரு வழக்கில், வரம்பற்ற அதிகாரம் என ஒன்று சட்டத்தில் இல்லை, எல்லை இல்லாவிட்டால் அது சர்வாதிகாரம் என்றும் எழுதியிருக்கிறார். 2017-இலும் 2018-இலும் கூட்டரசு நீதிமன்றம் இந்தியக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. 2021-இல் வேறொரு வழக்கில் நீதிபதிகளில் பெரும்பான்மையினர் மறுபடியும் மறுத்தார்கள். கோட்பாட்டின் மேல் சண்டை ஓயவில்லை. அஸ்லான் ஷா சொன்ன எல்லை மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாக நிற்கிறது.

தீர்ப்புக்குப் பின்

நீதிமன்றத்தின் சொல்லுக்கு ஒரு வரம்பு உண்டு. அதை நிறைவேற்ற வேண்டியது வேறொரு கை. குழந்தையைத் தாயிடம் சேர்க்க ஈப்போ நீதிமன்றம் ஆணையிட்டபோது, சிவில், ஷரியா ஆகிய இரண்டு நீதிமன்றங்களின் ஆணைகளுக்கு இடையே சிக்கிக்கொண்டதாகக் காவல்துறைத் தலைமை சொன்னது. தந்தையைப் பிடிக்கும் ஆணையைச் செயல்படுத்துமாறு 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் காவல்துறைக்குக் கட்டளையிட்டது. சான்றிதழ் ரத்தான பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தப் பெண் குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை. வழக்கில் வென்ற ஒரு தாய் மகளைத் தேடிப் பேரணி நடக்க வேண்டியிருக்கிறது என்பது இந்த நாட்டின் ஒவ்வொரு குடிமகனும் வெட்கப்பட வேண்டிய விஷயம், எந்த மதத்தவரானாலும்.

ஆனாலும் 2018 தீர்ப்பு மற்றவர்களுக்கு வழி திறந்தது. 2017-இல் திருத்தி 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த திருமணச் சட்டம், மதம் மாறியவரின் மணமுறிவையும் சிவில் நீதிமன்றத்திலேயே தீர்த்துக்கொள்ள வகை செய்தது. பெர்லிஸ் மாநிலத்தில் தாயின் சம்மதமின்றி மூன்று பிள்ளைகள் மதம் மாற்றப்பட்ட வழக்கில் 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கிளந்தான் ஷரியா குற்றச் சட்டத்தின் 16 பிரிவுகள் மாநில அதிகார எல்லையை மீறியவை என்று 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் செல்லாதவையாயின. அந்த வழக்கைத் தொடுத்தவர் நிக் எலின் என்ற முஸ்லிம் வழக்கறிஞர். தம் மதத்தின் பெயரால் செயல்படும் அதிகாரத்துக்கும் எல்லை வேண்டும் என்று முஸ்லிம்களே நீதிமன்றம் போகும் நாடு இது. பங்கோரில் போட்ட கோட்டின் இருபுறத்திலிருந்தும் மக்கள் இன்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை கண்ணுக்குத் தெரிகின்றன. இரு பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதை நீதிபதிகளின் தீர்ப்பில் மட்டும் விட்டுவைக்காமல் ஒவ்வொரு மாநிலச் சட்டத்திலும் வெளிப்படையாக எழுத வேண்டும். அதைப் பேராக் சட்டமன்றம் முதலில் செய்தால் பொருத்தமாக இருக்கும். இரண்டு நீதிமன்றங்களின் ஆணைகள் மோதும்போது எதை நிறைவேற்றுவது என்ற ஐயம் காவல்துறைக்கு இருக்கக் கூடாது. தோட்டங்கள் கைமாறும்போது அங்குள்ள வழிபாட்டிடங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை நில மாற்றத்துக்கான அனுமதியோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இவற்றில் எதுவும் இஸ்லாத்தின் இடத்தைக் குறைக்காது. மூன்றாவது பிரிவில் இருக்கும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஒரு மதம் தன் நம்பிக்கையால் வலுப்பெறுகிறது. மாற்றாரின் வாயை அடைத்து எந்த மதமும் வலுப்பெற்றதில்லை. பெரும்பான்மை மதத்துக்குக் கொடியிலும் சடங்கிலும் முதலிடம் தந்த ஜனநாயகங்கள் நன்றாகவே நடக்கின்றன. முறையிட ஓர் இடமில்லாமல் ஒரே ஒரு குடிமகளை நிறுத்திவிட்ட ஜனநாயகம், அவள் விஷயத்தில் ஜனநாயகமாக நடந்துகொள்ளவில்லை. ஈப்போ வழக்கு அதைத்தான் சொன்னது. நான்கு முஸ்லிம் நீதிபதிகளும் ஒரு கிறிஸ்துவ நீதிபதியும் ஓர் இந்துத் தாய்க்காக அதை ஒருமனதாகச் சொல்ல முடிந்தது என்பதே, அது இந்த மண்ணில் நடக்கக் கூடியது என்பதற்குப் போதுமான ஆதாரம்.